மாத்திரை வீடு தேடி வருகிறது, மாற்று ஆள் வரவில்லை

எங்கள் அண்ணன் படுக்கையோடு ஆன பிறகு, அரசாங்கத்தின் எந்த உதவி வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வருகிறது, எது வாசலோடு நின்றுவிடுகிறது என்று பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் சிலர், எழுதுங்க எழுதுங்க என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

அண்ணன் தென்னை ஏறுகிறவர். காங்கயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மரத்திலிருந்து விழுந்ததில் முதுகுத் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. நம் பக்கம் இது அபூர்வமான கதை கிடையாது, தென்னை, பனை, கிணற்று வேலை, ரிக் வண்டி வேலை, ராத்திரி பைக் விபத்து என்று ஊருக்கு ஒருவராவது இப்படிப் படுத்திருப்பார். ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை என்பது அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதற்கு நான் மனசார நன்றி சொல்கிறேன். அப்புறம் டிஸ்சார்ஜ். "இனி ஊட்லயே வச்சுப் பாத்துக்குங்க" என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அந்தச் சீட்டில் ஒரு வரி இல்லை.

வீட்டில் பார்ப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டம் போடுகிறவர்களிலும் பலர் இதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நமக்கெல்லாம் ஒரே பக்கம் படுத்தால் வலிக்கிறது, அதனால் தூக்கத்திலேயே புரண்டுகொள்கிறோம். அண்ணனுக்கு அந்த வலி தெரியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் அழுந்தி, ரத்த ஓட்டம் நின்று, முதலில் சிவக்கும், பிறகு கறுக்கும், அப்புறம் உள்ளுக்குள் குழி விழும். வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் இந்த இடங்களில்தான் முதலில் வரும். அது வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், பகலிலும் ராத்திரியிலும். காற்று மெத்தை வாங்கிப் போட்டால் கொஞ்சம் தாங்கும், ஆனால் திருப்புகிற வேலையை அது செய்யாது. சித்திரை வைகாசியில் வியர்வை ஈரம் சேர்ந்தால் தோல் இன்னும் சீக்கிரம் உரிந்துவிடும்.

அதுபோக மூத்திரக் குழாய். குழாய் மடங்காமல், பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்குகிற மாதிரி பார்க்க வேண்டும், மேலே தூக்கிவிட்டால் பையில் இருப்பது திரும்ப உள்ளே ஓடிக் கிருமி பிடிக்கும். தண்ணீர் நிறையக் குடிக்க வைக்க வேண்டும். மலம் தானாகப் போகாது, அதற்கு ஒரு நேரம் வைத்துக் கையுறை போட்டுக்கொண்டு யாராவது செய்ய வேண்டும். கால் மூட்டுகள் இறுகிவிடாமல் தினமும் மடக்கி நீட்ட வேண்டும். குளிர் சுரம் வந்தால் மூத்திரத்தில் கிருமியா, புண்ணில் சீழா என்று பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்வது எங்கள் நங்கை, அதாவது அண்ணன் சம்சாரம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர், காலையில் கம்பெனி வேன் ஏறினால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி வருவார். இன்றைக்கு அவர் செல்போனில் இரண்டு மணிக்கு ஒரு அலாரம், நான்கு மணிக்கு ஒரு அலாரம்.

சரி, வீட்டுக்குள் வருகிற உதவி எது என்பதற்கு வருகிறேன். மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். பலரும் இதை வீட்டுக்கு பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து தருகிற திட்டம் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பாதிதான். இயன்முறை சிகிச்சை, படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய் ஆதரவுச் சிகிச்சை, வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு அதற்கான திரவப் பை, இவையும் அதே திட்டத்தில்தான் இருக்கின்றன. வட்டாரத்துக்கு ஒரு நோய் ஆதரவுச் செவிலியர், ஒரு பிசியோதெரபிஸ்ட், அவர்கள் ஊர் ஊராகப் போக ஒரு வண்டி. ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது 2024ல் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான் என்று நான் சொல்வேன்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது மாத்திரை கொடுக்கிற அக்கா. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் என்று பெயர், மகளிர் குழுவில் இருக்கிற உள்ளூர்க்காரர். அம்மாவுக்கு பிரஷர் பார்க்கத்தான் வந்தார். உள்ளே கட்டிலில் அண்ணனைப் பார்த்துவிட்டு, "இப்படி இருக்கறவங்களுக்கு ஊட்டுக்கே நர்ஸ் வருவாங்க, நான் பேரு எழுதிக் குடுத்தர்றனுங்க" என்று அவரே சொல்லி, அவரே எழுதிக்கொண்டு போனார். அந்த அக்கா உள்ளூர்க்காரராக இருந்ததால்தான் இது நடந்தது, எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது ஒரு ஊர்க்காரிக்குத் தெரிகிற மாதிரி ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

செவிலியர் வந்து குழாய் மாற்றுகிறார், புண்ணுக்குக் கட்டுப்போடுகிறார். பிசியோ தம்பி வந்தபோது தானே எல்லாப் பயிற்சியையும் செய்துவிட்டுப் போகாமல் நங்கைக்கும் அண்ணனின் மகனுக்கும் கற்றுக்கொடுத்தார். கையால் ஊன்றி எழுந்து உட்காருவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குப் பலகை வைத்து நகர்வது, ஒன்பதாவது படிக்கிற பையன் எப்படிப் பிடித்தால் அவன் முதுகு போகாது என்பது எல்லாம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பஸ் ஏற முடியாத ஒரு ஆளுக்கு இது ஆஸ்பத்திரியில் எவ்வளவு பெரிய டாக்டர் இருந்தாலும் கிடைக்காது. முன்னெல்லாம் குழாய் மாற்றவே ஆம்னி வேன் பிடித்து, பின்சீட்டை எடுத்துவிட்டு மெத்தை போட்டு, நான்கு பேர் தூக்கி, வாடகையும் கூலியும் கொடுத்துப் போய்வர வேண்டியிருந்தது. அந்தச் செலவு நின்றது.

டயாலிசிஸ் பை பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது கிடைக்கும் என்றே பலருக்குத் தெரியவில்லை. சென்னிமலையில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர், தறி ஓட்டுகிறவர். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. மெஷினில் ரத்தம் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும், போக வர அலைச்சல் வேறு, அன்றைக்குத் தறி நின்றுபோகும். இவர் வயிற்றில் ஒரு குழாய் வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்கிற முறைக்கு மாறினார். இரண்டு லிட்டர் பைத் திரவத்தை வயிற்றுக்குள் இறக்கி, சில மணி நேரம் வைத்திருந்து, வெளியே வடித்து, புதுப் பை மாட்ட வேண்டும். பொதுவாக ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் போல ஆகும். கை கழுவாமல் தொட்டால் வயிற்றுக்குள் கிருமி போய் உயிருக்கே ஆபத்து, அதனால் அவர் வீட்டில் ஒரு அறையையே இதற்கென்று வைத்து, பஞ்சு தூசி வராமல் ஜன்னலை அடைத்திருக்கிறார்கள். பைகளைக் காசு கொடுத்து வாங்கினால் மாதம் ஆயிரக்கணக்கில் ஆகும், ஒரு நெசவாளிக்குக் கட்டுப்படியாகிற காரியம் இல்லை. அவர் நடுநடுவே தறியில் உட்காருகிறார் என்றால் அதற்கு அந்தப் பைகள்தான் காரணம்.

இனி பணம். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருகிற பராமரிப்பு உதவித்தொகை மாதம் 1,500 ரூபாயாக இருந்தது, 2023 ஜனவரியிலிருந்து 2,000 ஆனது. மனவளர்ச்சி குன்றியவர்கள், 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள், பிறகு தண்டுவடம் அடிபட்டவர்கள், பார்க்கின்சன் நோய்க்காரர்கள் எல்லாம் இதில் வருகிறார்கள். வருவாய்த்துறை தருகிற ஊனமுற்றோர் ஓய்வூதியம் வேறு, அதுவும் இதுவும் சேர்ந்து கிடைக்காது, எது நமக்குப் பொருந்தும் என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். எந்நேரமும் ஆள் துணை தேவைப்படுகிறவர் என்று மதிப்பீடு செய்து சான்று வாங்கினால், பார்த்துக்கொள்கிறவருக்கென்று மாதம் 1,000 ரூபாய் தனியாக உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே பராமரிப்பாளருக்குப் படி தர வேண்டும் என்று இருக்கிறது, யாருடைய தயவிலும் வருவதல்ல.

ஆக இரண்டும் சேர்ந்து 3,000. நங்கை ஒன்றரை ஷிப்ட் பார்த்த காலத்தில் ஒரு சனிக்கிழமை சம்பளமே அதைத் தாண்டிவிடும். அந்த வாரச் சம்பளம் நின்றது, அண்ணனின் மரமேறுகிற கூலியும் நின்றது, டயப்பர், கையுறை, பஞ்சு, மூத்திரப் பை என்று புதுச் செலவு சேர்ந்தது. உதவித்தொகையில் முக்கால்வாசி அந்த மருந்துக்கடைச் சாமானுக்கே போகிறது. தொகையை ஏற்றுங்கள் என்று கேட்பதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. விலைவாசிப்படி வருடா வருடம் ஏறுகிற மாதிரி வைத்தால் ஒவ்வொரு தடவையும் போராடி வாங்க வேண்டியிருக்காது.

இந்தச் சான்று வாங்குகிற பாடு தனிக்கதை. ஒரு அலுவலகத்தில் ஆளை நேரில் கூட்டிவரச் சொன்னார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது, போட்டோ இருக்கிறது, ஆனாலும் நேரில் வர வேண்டுமாம். தூக்கிக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் வேனுக்குள்ளேயே படுக்கவைத்து மத்தியானம் வரை காத்திருந்தோம். டாக்டர் வெளியே வந்து இரண்டு நிமிடம் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல மனிதர். ஆனால் அந்த நான்கு மணி நேரச் சூட்டில் அண்ணனுக்குக் குதிகாலில் புண் ஆரம்பித்தது, ஆற மாதக்கணக்கானது. மாத்திரைக்காக வீட்டுக்கு வருகிற அதே அரசாங்கம் சான்றுக்காகவும் வீட்டுக்கு வரலாமே. அந்த செவிலியர் வண்டியிலேயே மாதத்தில் ஒரு நாள் டாக்டரை ஏற்றி அனுப்பினால் வட்டாரத்தில் எழுந்திருக்க முடியாத எத்தனை பேருக்கு வேலை முடியும்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், என் மனசில் கிடப்பது வேறு ஒன்று. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது நங்கையிடம், என்ன வேண்டும் சொல்லுங்க, நான் ஏற்பாடு பண்ணுகிறேன் என்றேன். "காசுகூட வேண்டாம் அம்மிணி, ஒரு ராத்திரி முழுசாத் தூங்கோணும்" என்றார். அழவில்லை, குறையாகவும் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான். அவருடைய தம்பி மகள் சீருக்கு அவர் போகவில்லை. சிவன்மலைத் தேருக்குப் போகவில்லை, வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இடுப்பு வலிக்கு டாக்டரிடம் காட்டச் சொன்னால், போய்வருகிற நேரத்துக்கு இவரை யார் பார்ப்பார்கள் என்கிறார். நோயாளியைத் தேடி வருகிற வண்டியில் இருக்கிறவர்கள் அண்ணனின் பிரஷரை எழுதுகிறார்கள், புண்ணின் அளவை எழுதுகிறார்கள். பக்கத்தில் நிற்கிற நங்கைக்கு அந்த நோட்டில் பத்தி இல்லை. அவருக்கு நாற்பத்தி மூன்று வயது, அவர் விழுந்துவிட்டால் இந்த வீட்டு வைத்தியம் மொத்தமும் அன்றோடு நின்றுபோகும்.

மில்லில் ஷிப்ட் முடிகிறபோது மாற்றாள் வராவிட்டால் மிஷினை விட்டு நகர முடியாது என்று சொல்வார்கள், ஆனால் அங்கே எட்டு மணி நேரம் கழித்து யாரோ ஒருவர் வந்துவிடுவார். இங்கே வருஷக்கணக்காக வரவில்லை. வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில் எனக்கு வேண்டியது அந்த மாற்றாள்தான். வாரத்தில் ஒரு நாள், இல்லை ஒரு அரை நாள், பயிற்சி எடுத்த ஒருவர் வந்து, திருப்பிப் படுக்க வைக்கவும் பை மாற்றவும் தெரிந்தவர் வந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும், அந்த நேரத்தில் பார்த்துக்கொள்கிறவர் தூங்கலாம், தேருக்குப் போகலாம், எங்கேயும் போகாமல் சும்மாவும் இருக்கலாம்.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. வாளையாறு தாண்டினால் பாலக்காடு, பொள்ளாச்சிக்காரர்கள் தேங்காய் வியாபாரத்துக்கும் வைத்தியத்துக்கும் அன்றாடம் போய்வருகிற இடம். கோழிக்கோட்டில் 1993ல் சில டாக்டர்கள் சேர்ந்து வலி தணிப்புச் சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள், அது பிறகு ஊர்க்காரர்களே வீடு வீடாகப் போகிற இயக்கமாக மாறியது. 2008ல் கேரள அரசு அதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது, பஞ்சாயத்துகள் வீட்டுப் பராமரிப்பைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டன. அங்கே செவிலியரோடு அக்கம்பக்கத்துத் தொண்டர்களும் போகிறார்கள், கட்டுப்போடுவதைத் தவிர பேச்சுத்துணைக்கும் உட்காருகிறார்கள். பார்த்துக்கொள்கிறவருக்கென்று ஆஸ்வாசகிரணம் என்ற பெயரில் மாதம் 600 ரூபாய் கொடுக்கும் திட்டமும் வைத்தார்கள். தொகையில் நம்முடையது அதைவிடப் பெரிது, அதில் நமக்குக் குறைவில்லை. ஆனால் ஊரே இதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட அந்தப் பழக்கம் இங்கே இன்னும் வரவில்லை. நம் ஊரில் மனசு இல்லாமல் இல்லை. அண்ணன் விழுந்த வாரம் வீடு நிறைய ஆள், ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் வைக்க இடமில்லை. மூன்றாவது மாதம் யாரும் வரவில்லை, என்ன செய்வது என்று தெரியாததால் வரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் பாதிப்பேர் வருவார்கள்.

உலக வங்கி உதவியோடு 2022ல் ஒப்புதலான தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்குப் பல சிகிச்சைகளும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும், வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போக வேண்டும் என்பது நோக்கம். மாற்றாளை இதில் சேர்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அந்த மாத்திரை அக்காக்களுக்கே கூடுதல் பயிற்சியும் அதற்கேற்ற சம்பளமும் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. சம்பளம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், தன்னார்வலர் என்று பெயர் வைத்துவிட்டு ஊக்கத்தொகையில் இன்னொரு பெண்ணின் தலையில் சுமையை மாற்றி வைப்பதை நான் கேட்கவில்லை.

புதிதாக இந்த நிலைமைக்கு வந்திருக்கிறவர்களுக்கு: முதல் வேலையாக உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ மாத்திரை கொண்டுவருகிற அக்காவிடமோ படுக்கையில் இருப்பவர் பெயரை நோய் ஆதரவுப் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள். யார் என்று தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், 104க்கும் கூப்பிடலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாமல் உதவித்தொகை எதுவும் நகராது, அதனால் அதற்கு முதலிலேயே விண்ணப்பியுங்கள், இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். மனு எங்கேயாவது சிக்கிக்கொண்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு வார்டு சிஸ்டரிடம் திருப்பிப் படுக்க வைப்பதையும் குழாய் பார்ப்பதையும் கையில் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றாள் வேண்டும், வட்டாரத்துக்கு இன்னொரு செவிலியர் வேண்டும், சான்று கொடுக்க டாக்டர் வீட்டுக்கு வர வேண்டும் என்று மூன்று கோரிக்கைகளை வைத்து ஒரு பக்கத்தில் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன், ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் ஊரில் கொடுக்கப்போகிறோம். அக்டோபர் 2லும் நவம்பர் 1லும் கூட கிராம சபை உண்டு. உங்கள் ஊரில் கொடுக்க அந்தத் தாள் வேண்டும் என்றால் கேளுங்கள், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிற மாதிரி அனுப்புகிறேன்.